உப்புநீருக்கு ஒரே ஆலையா?

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளி அமெரிக்காவின் வட கரோலினாவைச் சூறையாடியபோது, நார்த் கோவ் என்ற இடத்திலுள்ள பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஆலைக்குள் வெள்ளம் புகுந்தது. அந்நாட்டு மருத்துவமனைகளின் சலைன் (உப்புநீர்) முதலான, நரம்புவழி ஏற்றும் திரவங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு அப்போது அந்த ஒரே ஆலையின் தயாரிப்பு. ஆலைக்குச் செல்லும் பாலங்களும் சேதமாயின. பல மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. உயர் தொழில்நுட்பத்தில் உலகை முந்தும் நாட்டில் உப்பும் நீரும் கலந்த ஒரு பைக்குத் தட்டுப்பாடு!

இது முதல் எச்சரிக்கை அல்ல. 2017இல் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோதும் சிறு சலைன் பைகளுக்கு இதே நிலைதான்.

உற்பத்தியை ஓரிடத்தில் குவித்தால் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் வெள்ளத்துக்கு இடமில்லை. ஒரு லிட்டர் பை ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். அதை அயல்நாட்டு ஆலைகளிலிருந்து விமானத்தில் கொண்டுவர நேர்ந்ததில் பணமும் எரிபொருளும் சேர்ந்தே கரைந்தன. கனமான, மலிவான இப்பொருளைப் பல வட்டாரங்களில் தயாரிப்பதே சிக்கனம், சூழலுக்கும் நல்லது.

நெருக்கடியில் மருத்துவர்கள் ஒரு நல்ல பழக்கத்துக்கு மாறினர்: வாய்வழி நீர் அருந்த முடிந்தவர்களுக்குப் பை மாட்டுவதைக் குறைத்தனர். அது தொடர வேண்டும். கொள்முதல் செய்யும் மருத்துவமனைகளும் விலையை மட்டும் பார்க்காமல், மாற்று ஆலை உண்டா என்று ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். அதற்காகச் சில காசு கூடுதலாகக் கொடுக்கவும் முன்வர வேண்டும்.