நம் பெயரில் ஒரு வாக்கு

(பத்தாம் வகுப்பு மாணவி)

மக்களாட்சியின் ஆணிவேர் தேர்தல் என்பர். அத்தேர்தலுக்கு ஆணிவேர் வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர். அப்பெயர் பெண்ணுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை என்பதை மாணவியராகிய நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நாம் வரலாற்றில் படிக்கிறோம். 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் அதில் இடமில்லை. இந்த நேர்மை போற்றத்தக்கதே. ஆனால் நிலமும் வேதப் பயிற்சியும் உடைய ஆண்களின் ஓலைகள் மட்டுமே அக்குடத்தில் விழுந்தன.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1921 இல், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. அதுவும் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே. 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சொத்துள்ளவரின் மனைவி என்ற தகுதியிலும் வாக்கு கிடைத்தது. அந்த வாக்குக்குக் காரணம் அவள் அல்லள், அவள் கணவரே!

விடுதலைக்குப் பின் 1951–52 இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் 21 வயது நிரம்பிய அனைவருக்கும் உரிமை வந்தது. வாக்காளர் ஏறத்தாழ 17 கோடி. எழுதப் படிக்கத் தெரியாதோர் பலர் என்பதால், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார்கள். விரும்பியவரின் பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். அப்படிப்பட்ட தேர்தலிலும் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய இடங்களில் அவர்கள் தம் பெயரைச் சொல்லாமல், “இன்னார் மனைவி”, “இன்னார் மகள்” என்றே பதிந்திருந்தார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதனை ஏற்கவில்லை.

இது கொடுமை அல்லவா என்று சிலர் கேட்கலாம். வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட பெண்கள் வாக்கை இழந்தது வருந்தத்தக்கதே. ஆயினும் ஆணையர் செய்தது சரி என்பதே எங்கள் கருத்து. “இன்னார் மனைவி” என்று எழுதி வாக்களிக்க விட்டிருந்தால், அந்த வாக்கும் இன்னாருடையதாகவே எண்ணப்பட்டிருக்கும். இழப்பு உறைத்ததால் அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலான பெண்கள் பட்டியலில் இடம்பெற்றனர்.

மக்களாட்சிக்குப் புகழ்பெற்ற சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். அங்கு 1848 முதல் நாடாளுமன்றத் தேர்தல் உண்டு. ஆனால் பெண்களுக்கு வாக்கு வேண்டுமா என்று 1959 இல் கேட்டபோது, வாக்களித்த ஆண்களில் மூவரில் இருவர் வேண்டாம் என்றனர். 1971 பிப்ரவரி 7 அன்றுதான் இணங்கினர். அந்நாட்டுப் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தது அவ்வாண்டு அக்டோபரில். நம் பாட்டிமார் அவர்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூத்த வாக்காளர்கள்!

இந்தப் பெருமையை நாம் காக்கிறோமா? அம்பத்தூரிலும் ஆவடியிலும் நம் தெருக்களில் அம்மாக்களை மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி “இன்னாருடைய அம்மா” என்றுதான் அழைக்கிறார்கள். அது பாசம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாக்குச் சாவடிக்குள் “நம் வீட்டில் எல்லோரும் இதற்குத்தான்” என்று சொல்லி அனுப்பும்போது, 1935 ஆம் ஆண்டுக்கே திரும்பிவிடுகிறோம். திருமணமாகியோ வாடகை வீடு மாறியோ வந்த பெண்கள் முகவரியை மாற்றாமல் விட்டாலும் வாக்கு கைநழுவும்.

தோழியரே, இப்போது வாக்களிக்கும் வயது 18. 17 வயது நிறைந்ததுமே படிவம் 6 மூலம் முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். நமக்கு அதற்கு இரண்டே ஆண்டுகள் உள்ளன. அதுவரை நாளிதழ் படித்து, கேள்வி கேட்டு, சொந்தமாக முடிவெடுக்கப் பழகுவோம். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: எங்களுக்கு வழி சொல்லுங்கள், விவாதியுங்கள், ஆனால் அந்தத் தடுப்பின் பின்னே நாங்கள் தனியே நிற்க விடுங்கள். இன்று மாலையே அம்மாவின் பெயர் பட்டியலில் பிழையின்றி இருக்கிறதா என்று அனைவரும் பார்ப்போமாக!