கொடைக்கானல் செடியும் திண்டுக்கல் காத்தும்

போன சித்திரையில எங்க வீட்டுல ஒரு சாவு. பதறாதீங்க மக்களே, செத்தது ஒரு பாஸ்டன் ஃபெர்ன் செடி. கொடைக்கானல்ல ஆசைப்பட்டு வாங்கி, திண்டுக்கல் வீட்டு ஹால்ல வெச்சிட்டு நான் பெங்களூருக்கு பஸ் ஏறிட்டேன். அங்க என் ரூம்ல இதே செடி ஜம்முனு இருக்கு. அந்தத் தெனாவட்டு!

அப்புறம் தினமும் ஃபோன்ல ஆர்டர். "ஸ்ப்ரே அடிச்சியாம்மா? ஜன்னலை மூடி வை, ஈரம் போயிடும்." பாவம், மாத்திரை சாப்பிடுற மாதிரி நாலு வேளையும் அடிச்சாங்க. அஞ்சாவது வாரம் இலை நுனியெல்லாம் கருகி, அடித்தண்டு அழுகி, தொட்டியைச் சுத்தி கொசு மாதிரி பூச்சி. "என் கைராசி சரியில்லப்பா"ன்னு அம்மா சொன்னப்பதான் சுருக்குனு இருந்துச்சு. கைராசியாவது ஒண்ணாவது, தப்பு என் கணக்குல.

ஈரப்பதம் 40 சதவீதம், 60 சதவீதம்னு பார்க்கிறோமே, அந்த நம்பர் மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். காத்து சூடாக ஆக அது குடிக்கிற தண்ணியும் கூடும். 18 டிகிரி, 80 சதவீதம்னு கொடைக்கானலை வெச்சுக்குங்க. ஒரு கன மீட்டர் காத்து இன்னும் 3 கிராம் தண்ணிதான் கேக்கும். பெங்களூர் 27 டிகிரி, 60 சதவீதம்னா 10 கிராம். சித்திரை மத்தியானம் நம்மூரு 37 டிகிரி, 40 சதவீதம்னா 26 கிராம்! அவ்வளவையும் இலைகிட்ட இருந்துதான் உறிஞ்சப் பார்க்கும்.

சரி, ஸ்ப்ரே அடிச்சா? பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல 40ஐ 60 ஆக்க சுமார் 300 மில்லி தண்ணி ஆவியாகணும். ரூம் காத்து மாற மாற திரும்பத் திரும்ப ஆகணும். நாலு தடவை புஸ் புஸ்ஸுனு அடிக்கிறது யானைப் பசிக்கு சோளப்பொரி. காத்து மாறாம இருக்க ஜன்னலை மூடினா, அடிச்ச தண்ணி இலையிலயும் மண்ணுலயும் தங்கி பூஞ்சைக்குத்தான் விருந்து. மேல காய்ச்சல், கீழ அழுகல். ரெண்டையும் ஒரே செடிக்குக் கொடுத்த பெருமை அடியேனைச் சேரும் :-)

இதுல "செடி வெச்சா வீட்டுக் காத்து சுத்தமாகும்"னு ஒரு வியாபாரம் வேற. அதுக்கு ஆதாரமா காட்டுற 1989 நாசா ஆய்வு மூடின பெட்டிக்குள்ள நடந்தது. 2019ல அமெரிக்காவோட டிரெக்ஸல் பல்கலைக்கழகத்துக்காரங்க பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. சாதாரணமா ஒரு கட்டடத்துல காத்து மாறும்போது நடக்கிற சுத்தத்தை செடியால செய்யணும்னா, ஒரு சதுர மீட்டருக்கு 10ல இருந்து 1000 செடி வேணுமாம். அப்புறம் நாம எங்க படுக்கிறது? ஜன்னலைத் திறந்தா முடிஞ்சது.

என் கட்சி இதுதான்: செடிக்காக ரூமை மாத்தாதீங்க, ரூமுக்கேத்த செடியை வாங்குங்க. மருள், மணி பிளாண்ட் எல்லாம் நம்மூரு வறட்சியைத் தாங்கும். ஃபேன் இலையை லேசா அசைச்சாப் போதும், நேரா அடிச்சா இலை சீக்கிரம் காயும். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு ஆடியில மழை கம்மி, வறண்ட காத்துதான் ஜாஸ்தி. அப்ப தொட்டியை ஜன்னலை விட்டுத் தள்ளி வைங்க. ஐப்பசி அடைமழைல தண்ணியைக் குறைங்க, ஜன்னலைத் திறங்க. ஃபெர்ன் இல்லாம முடியாதுங்கிறவங்க சின்னதா ஒண்ணை மூடி போட்ட கண்ணாடி ஜாடியில, வெயில் படாம வைங்க. லண்டன்ல வார்டுன்னு ஒரு டாக்டர் 1829லயே கண்டுபிடிச்ச வழி அது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அந்தக் காலித் தொட்டியில அம்மா கற்பூரவல்லி நட்டு, மாடிப்படி ஜன்னலோரம் வெச்சிருக்காங்க. ஜன்னல் திறந்தே கிடக்கு. "இதுக்கு எத்தனை வேளைப்பா ஸ்ப்ரே?"ன்னு கேட்டாங்க. நக்கலா, நெசமாவே கேட்டாங்களான்னு இன்னும் தெரியல.