லட்சம் கோடியும் பட்டறை வாசலும்

2025 நவம்பர் 3 அன்று பிரதமர் தொடங்கிவைத்த ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டத்தின் மதிப்பு 1 லட்சம் கோடி ரூபாய். புதிய தொழில்நுட்பத்தில் முதலிடும் தனியார் நிறுவனங்களுக்கு வட்டியே இல்லாமலோ, மிகக் குறைந்த வட்டியிலோ நீண்ட காலக் கடன் தருவதுதான் அதன் அடிப்படை. தனியார் ஆராய்ச்சிக்கென்று மத்திய அரசு இதற்கு முன் இவ்வளவு பெரிய தொகையை எடுத்துவைத்ததில்லை. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் திட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. கடன் வாங்கும் நிறுவனம் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேலை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அந்த நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். கூடவே, நிதியில் ஒரு பகுதியை மாநிலப் பல்கலைக்கழகங்களும் சிறு தொழில்களும் கூட்டாகச் செய்யும் வேலைக்கென்று தனியே ஒதுக்கவும் வேண்டும். இரண்டையும் இப்போதே செய்யாவிட்டால், வழக்கம்போல விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களிடமும் நாலைந்து ஐஐடிகளிடமும் பணம் போய்ச் சேர்ந்துவிடும்.

நாம் எங்கே நிற்கிறோம் என்பதை ஒரே எண் சொல்லிவிடும். 2020-21 கணக்குப்படி, ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். சீனா 2.4 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தென் கொரியா 5 சதவீதத்தை நெருங்குகிறது. அந்த இரு நாடுகளிலும் ஆராய்ச்சிச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் செய்வது தொழில் நிறுவனங்கள். இங்கே தனியார் துறையின் பங்கு சுமார் 36 சதவீதம். இதைவிட வருத்தம் தரும் இன்னொரு கணக்கும் உண்டு. நாட்டின் ஆராய்ச்சிச் செலவில் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு 9 சதவீதத்துக்கும் குறைவு. கோடிக்கணக்கான மாணவர்கள் படிக்கும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி வரைபடத்தில் ஓரத்தில்தான் கிடக்கின்றன.

இந்த நிலையை மாற்றத்தான் 2023இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையை உருவாக்கியது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவது இலக்கு. அதில் அரசு தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடி நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் உள்ளிட்ட அரசு சாராத வழிகளிலிருந்து வர வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்கு அரசின் வரிக் கொள்கையில் பதில் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 35ஆம் பிரிவின் கீழ், சொந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு நிறுவனம் 100 ரூபாய் செலவிட்டால் 200 ரூபாயை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் இருந்தது. 2017இல் அது 150 ஆனது. 2020இல் வெறும் 100 ஆனது. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குத் தரும் நன்கொடைக்குக் கிடைத்துவந்த கூடுதல் சலுகையும் இதே வழியில் போய்விட்டது. சலுகைகளை விட்டுக்கொடுத்தால் நிறுவன வரியை 22 சதவீதமாகக் குறைக்கிறோம் என்பது 2019இல் அரசு சொன்ன சமாதானம். அந்த 22 சதவீதம் ஆராய்ச்சி செய்யும் நிறுவனத்துக்கும் உண்டு, ஆராய்ச்சியே செய்யாத நிறுவனத்துக்கும் உண்டு. அப்படியிருக்க, எதற்காக ஒருவர் கையைச் சுட்டுக்கொள்வார்? இதெல்லாம் போதாதென்று, பல்கலைக்கழகங்கள் பெற்ற ஆராய்ச்சி மானியத்துக்கே ஜிஎஸ்டி கேட்டு நோட்டீஸ் போன கொடுமையும் நடந்தது. 2024 செப்டம்பரில் கூடிய 54ஆவது ஜிஎஸ்டி கவுன்சில்தான் அந்த வரியிலிருந்து விலக்கு அளித்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் கொள்கையை நம்பி எந்தத் தொழிலதிபரும் கல்லூரி வாசலை மிதிக்க மாட்டார்.

கூட்டு வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னை தரமணியில் 2010இல் இயங்கத் தொடங்கிய ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவைப் பார்த்தால் போதும். தமிழக அரசு தந்த நிலத்தில், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் முயற்சியில் எழுந்த அந்த வளாகத்தில் ஒரு விதி இருக்கிறது. அங்கே அலுவலகம் எடுக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது; 'கிரெடிட்' சம்பாதிக்க வேண்டும். எடுத்த இடத்தின் அளவுக்கு ஏற்ப அந்தக் கணக்கும் கூடும். பேராசிரியருக்கு ஆய்வுத் திட்டம் கொடுத்தால் கிரெடிட். மாணவரைப் பகுதிநேர வேலைக்கு எடுத்தால் கிரெடிட். தன் பொறியாளரை முனைவர் பட்டத்துக்கு அனுப்பினாலும், வகுப்பெடுக்க அனுப்பினாலும் கிரெடிட். ஐஐடியோடு தொடர்பே வைத்துக்கொள்ளாத நிறுவனம் அங்கே வெறும் குடித்தனக்காரராகக் காலம் தள்ள முடியாது.

ஐஐடியைச் சுற்றி உருவான இந்தச் சூழலின் விளைவைத் தெருவில் பார்க்கலாம். ஐஐடியில் படித்த இருவர் 2013இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர்கள் இன்று ஓசூரில் தயாராகின்றன. அதே ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தியோடு சேர்ந்து 2017இல் பிறந்த அக்னிகுல் நிறுவனம், ராக்கெட் எஞ்சினை வெல்டிங்கோ இணைப்போ இல்லாமல் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கியது. பலமுறை தள்ளிப்போன பிறகு 2024 மே 30 காலையில் ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து அந்த எஞ்சினோடு ஒரு ராக்கெட்டைப் பறக்கவிட்டது. இரண்டு நிறுவனங்களுக்கும் தொடக்கத்தில் கிடைத்தது என்ன? கருவிகளைத் தொட்டுப் பார்க்க அனுமதி, சந்தேகம் வந்தால் போய்க் கேட்க ஒரு பேராசிரியர், தோற்றாலும் வெளியே தள்ளாத ஓர் இடம். பணம் அதற்குப் பிறகுதான் வந்தது. புதிய நிதித் திட்டத்தை வகுப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

ஐஐடியால் முடியும், மற்றவர்களால் முடியாது என்ற எண்ணம் டெல்லியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தமிழகத்தின் அனுபவம் அதற்கு நேர்மாறானது. சென்னை அடையாறில் 1948இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்பத் துறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகளே. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு அளித்தபோது, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகள் தொழில்நுட்ப உதவிக்குத் திரும்பிப் பார்க்க ஓர் இடம் இருந்தது. குரோம் பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத முறையை அந்த நிறுவனம் பின்னாளில் உருவாக்கியது. பாலாறு பட்ட காயம் இன்னும் ஆறவில்லை என்பது வேறு கதை. ஆனால் ஆலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே தலைமுறைகளாக ஆள் போக்குவரத்து இருந்ததால்தான் அந்தத் தொழில் தப்பிப் பிழைத்தது.

கோவையிலும் இதே கதைதான். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்திலேயே பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்கூடம் உண்டு. பாடத்தையும் பட்டறை வேலையையும் சேர்த்துக் கற்றுத்தரும் 'சாண்ட்விச்' பொறியியல் படிப்பு அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. நூற்பாலைகள் தாங்களே சந்தா கட்டி, அரசு உதவியோடு 1956இல் நிறுவிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா இன்றும் அதே ஊரில்தான் இயங்குகிறது. தேசியக் கொள்கை என்ற பேச்சு எழுவதற்கு வெகு காலம் முன்பே, தங்களுக்கு ஆராய்ச்சி வேண்டும் என்று உணர்ந்த முதலாளிகள் தாங்களே முன்வந்து செய்த காரியம் இது.

இன்று அதே கோவையில் பத்துப் பேரை வைத்து ஃபவுண்டரி நடத்துபவரின் நிலை என்ன? பம்பின் இம்பெல்லர் வார்ப்படத்தில் அடிக்கடி காற்றுத் துளை விழுகிறது. பத்தில் இரண்டு வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். மணலா, உருக்கும் வெப்பமா, அச்சின் வடிவமா என்று கண்டுபிடிக்க ஓர் உலோகவியல் பேராசிரியரும் இரண்டு மாணவர்களும் சில மாதங்கள் உட்கார்ந்தால் போதும். ஆனால் அந்தப் பட்டறைக்காரர் 1 லட்சம் கோடித் திட்டத்தில் விண்ணப்பிக்க முடியாது. தொழில்நுட்பம் ஆய்வுக்கூடச் சோதனையில் தேறி, தொழில்நுட்ப முதிர்ச்சி அளவுகோலில் நான்காவது நிலையை எட்டியிருந்தால்தான் அங்கே கதவு திறக்கும். திட்டச் செலவில் பாதியை அவரே போட வேண்டும். திருப்பூரிலும் இதே நிலைதான். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, துளி கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு அந்த ஊர் மாறியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும் கடனில் எழுந்தன. அவற்றில் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. சுற்றுவட்டாரத்தில் எத்தனை பொறியியல் கல்லூரிகள், எத்தனை வேதியியல் துறைகள்! அந்த உப்பு மூட்டை ஒன்றாவது அவற்றின் ஆய்வுக்கூட மேசைக்கு வர வழி செய்வதுதான் தேசியக் கொள்கையின் வேலை.

கல்லூரிகள் பக்கமும் குறை உண்டு. புரிந்துணர்வு ஒப்பந்தங்களுக்குப் பஞ்சமே இல்லை. தர மதிப்பீட்டில் அவை எண்ணிக்கையாகச் சேர்வதால், கையெழுத்திட்டு, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்துக் கோப்பில் வைப்பதோடு பல ஒப்பந்தங்கள் முடிந்துவிடுகின்றன. இதற்கு ஆசிரியர்களை மட்டும் நோவதில் பயனில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, அறிவியல், பொறியியல் ஆசிரியர் ஒருவர் ஏற்கப்பட்ட இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினால் 8 புள்ளி. ஒரு தொழிற்சாலையின் சிக்கலைத் தீர்க்கும் ஆலோசனைப் பணிக்கு 3 புள்ளி. பதவி உயர்வு வேண்டுபவர் எதைச் செய்வார்? பட்டறை வெயிலில் நிற்பதைவிட இன்னொரு கட்டுரை எழுதுவதே அவருக்கு லாபம். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்கள் பெருகியதற்கும் இந்தப் புள்ளிக் கணக்குக்கும் தொடர்பு இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த புதிய வரைவு இந்த முறையை மாற்றப் பார்த்தது. ஆனால் துணைவேந்தர் நியமனத்தில் மாநிலங்களின் உரிமையில் கைவைத்ததால், அந்த நல்ல பகுதியைப் பற்றிப் பேசவே யாருக்கும் வாய்ப்பில்லாமல் போயிற்று. அதைத் தனியே பிரித்து நடைமுறைப்படுத்துவதில் எந்த மாநிலத்துக்கும் ஆட்சேபம் இருக்காது.

தொழில்துறை அனுபவசாலிகளைப் பட்டம் பார்க்காமல் பேராசிரியர்களாக நியமிக்க 2022இல் மானியக் குழு வழிவிட்டது. 15 ஆண்டு அனுபவம் வேண்டும், மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். நல்ல ஏற்பாடு. ஆனால் நிரந்தர இடங்களே காலியாகக் கிடக்கும், மாதச் சம்பளத்துக்கே திணறும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது எப்படிப் பலன் தரும் என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

தொழில்துறையை உள்ளே விட்டால் பல்கலைக்கழகம் முதலாளிகளின் கூலி ஆய்வுக்கூடமாகிவிடும், லாபம் தராத அறிவியல் செத்துப்போகும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் காப்புரிமை யாருக்கு என்பதை வரையறுக்க 2008இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 2014இல் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்கா 1980இல் இயற்றிய பே-டோல் சட்டத்தை அப்படியே இங்கே பதியம் போட முயன்றதுதான் பிழை. ஆனால் அந்த மசோதா போனதோடு விவாதமும் போய்விட்டது. உரிமை யாருக்கு, விலைக்கு வரம்பு உண்டா என்ற கேள்விகள் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு விதமாகத் தீர்க்கப்படுகின்றன.

நெறியோடு செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ரோட்டாவேக் தடுப்பூசி சான்று. குழந்தைகளைக் கொல்லும் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸின் வலுவற்ற ஒரு வகையை, 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளிடம் மகராஜ் கிஷன் பானும் அவரது குழுவினரும் கண்டறிந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குத் தொற்று இருந்தது, நோய் இல்லை. ஏன் என்று கேட்டதுதான் தொடக்கம். அந்தக் கேள்விக்கு எந்த நிறுவனமும் பணம் போட்டிருக்காது. அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை போட்டது. பிறகு ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரிப்புக்கு வந்தது. மூன்றாம் கட்டப் பரிசோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. வேலூரில் அதை நடத்தியது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் தலைமையிலான குழு. ஒரு தவணை 1 டாலர் என்று விலையை முன்கூட்டியே அறிவித்தார்கள். 2016இல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. கேள்வி பிறந்ததிலிருந்து ஏழைக் குழந்தையின் வாய்க்குச் சொட்டு மருந்து போய்ச் சேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இவ்வளவு காலம் காத்திருந்த பொதுப் பணமும், விலையை முதலிலேயே பேசி முடித்த ஒப்பந்தமும் இல்லாமல் இது நடந்திருக்காது. அடிப்படை ஆராய்ச்சிக்கான மானியத்தைத் தொழிற்கடனுக்குத் திருப்பிவிடக் கூடாது என்று நாம் வற்புறுத்துவதும் இதனால்தான்.

ஆகவே, மத்திய அரசு உடனடியாகச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. 1 லட்சம் கோடி நிதியிலிருந்து கடன் பெறும் ஒவ்வொரு நிறுவனமும், தரமணிப் பூங்காவில் இருப்பதைப் போல, ஒரு கல்வி நிறுவனத்தோடு செய்த வேலைக்கான கிரெடிட்டை ஆண்டுதோறும் காட்ட வேண்டும். நிதியில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை, கடனாக இல்லாமல் மானியமாக, கோவை, திருப்பூர், சிவகாசி, ராஜ்கோட், லூதியானா போன்ற தொழில் நகரங்களில் மாநிலப் பல்கலைக்கழகங்களும் சிறு தொழில் சங்கங்களும் சேர்ந்து கொண்டுவரும் சிறிய திட்டங்களுக்கு வைக்க வேண்டும். விண்ணப்பம் நாலு பக்கத்துக்குள், தமிழிலோ குஜராத்தியிலோ பஞ்சாபியிலோ எழுத முடிவதாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்கு மட்டுமாவது, 22 சதவீத வரி முறையில் இருக்கும் நிறுவனங்களுக்கும் சேர்த்து, 150 சதவீதக் கழிவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அடுத்த பட்ஜெட்டில் நிதியமைச்சர் இதை அறிவிக்கலாம். ஆலோசனைப் பணிக்கான 3 புள்ளியை ஆய்வுக் கட்டுரைக்கு இணையாக உயர்த்த மானியக் குழுவின் ஒரு சுற்றறிக்கையும் திருத்தமும் போதும்.

தமிழக அரசுக்கும் வேலை இருக்கிறது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருவதில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. அதன் அடுத்த கட்டமாக, இறுதியாண்டுத் திட்ட வேலையை உள்ளூர்த் தொழிற்பேட்டையின் உண்மையான சிக்கல் ஒன்றிலிருந்து எடுக்கும் முறையை அரசு பொறியியல் கல்லூரிகளில் தொடங்கலாம். அதை வழிநடத்த ஆசிரியர்கள் வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் காலியாக உள்ள பேராசிரியர் பணியிடங்களை இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் நிரப்ப அரசு கால அட்டவணை வெளியிட வேண்டும்.