மலைச் சைக்கிளும் பந்தயச் சைக்கிளும்: கலந்தால் குற்றமா?

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் உள்ளார். ஊர் ஹட்டன் பக்கம். கொட்டாஞ்சேனையில் கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நாடே நின்ற நாட்களில், யப்பானிலிருந்து வந்திறங்கிய பழைய பந்தயச் சைக்கிள் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினார். வரிசைகள் மறைந்த பின்னரும் அவர் சைக்கிளைக் கைவிடவில்லை. காலையில் மரைன் டிரைவ் வழியாகக் கடற்காற்றில் சென்று, மாலையில் பேருந்துகளின் புகைக்குள்ளால் காலி வீதியில் திரும்பி வருவார்.

கடந்த சித்திரைப் புத்தாண்டுக்குச் சைக்கிளிலேயே ஊருக்குப் போவதென்று அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன். நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான பாதை. கித்துல்கலவைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். ஹட்டனோ கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்கும் மேலே இருக்கின்ற ஊர். அவருடைய சைக்கிளில் முன்னாலுள்ள சிறிய பற்சில்லுக்கு 39 பற்கள்; பின்னால் உள்ளவற்றுள் மிகப் பெரியதற்கு 25. அந்த இணைப்பில் பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 3.3 மீற்றர் நகர வேண்டும். சமதரையான கொழும்புக்கு அது சரி. கினிகத்தேனை ஏற்றத்தில் முழங்கால் கழன்றுவிடும்.

பின்னால் 34 பற்கள் கொண்ட சில்லு ஒன்று இருந்தால் அதே சுற்றுக்கு 2.4 மீற்றர்தான். மிதிக்கும் பாரம் நான்கிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆனால் அத்தனை பெரிய சில்லு மலைச் சைக்கிளுக்கென்று செய்யப்பட்டது. அதற்கேற்ற கியர் பொறியும், அதாவது பின்னாலே தொங்கிக்கொண்டு சங்கிலியைச் சில்லுக்குச் சில்லு தள்ளுகின்ற அந்தக் கருவியும், மலைச் சைக்கிளுடையதாகவே இருக்க வேண்டும்.

இளைஞர் ஒரு கடைக்குப் போனார். "இரண்டு சாதியும் ஒன்றோடொன்று சேராது தம்பி, முழுசாகப் புதுச் செட் போடுங்கள்" என்றார்கள். விலையைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டார். இன்னோரிடத்தில் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிப் பத்து வேக மலைச் சைக்கிள் பொறியொன்றைக் கையில் கொடுத்தார்கள். பூட்டிப் பார்த்தால் கியர் ஒன்றுகூட உரிய இடத்தில் விழவில்லை. கொடுத்த பணம் திரும்பவில்லை. இருவர் சொன்னதும் பிழை என்பதே இப்பத்தியை நான் எழுதக் காரணம்.

விடயம் இதுதான். 1984இல் யப்பானின் ஷிமானோ நிறுவனம், ஒரு தட்டலுக்கு ஒரு கியர் என்று "க்ளிக்" ஓசையுடன் மாறும் முறையைத் தன் உயர்தரப் பந்தய உறுப்புகளில் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் பிடியை இழுத்து, காதால் கேட்டு, சங்கிலி சரியாக விழுந்ததா என்று ஓட்டுநரே தீர்மானிப்பார். எந்தப் பொறியோடும் எந்தப் பிடியும் ஏறக்குறைய வேலை செய்தது. "க்ளிக்" வந்தபின் அளவுதான் எசமான். ஒவ்வொரு தட்டலுக்கும் பிடி குறித்த அளவு கேபிளை இழுக்கும்; பொறி அதைக் குறித்த மடங்கு பெருக்கிச் சங்கிலியைத் தள்ளும். அந்தப் பெருக்கல் பக்கத்துச் சில்லு இருக்கும் தூரத்துக்குச் சமமாக வர வேண்டும்.

ஒன்பது வேக வண்டியில் பிடி இழுப்பது ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர். பழைய பொறியின் பெருக்கம் 1.7. ஆக 4.25 மில்லிமீற்றர். சில்லுகளுக்கிடையிலான தூரம் ஏறக்குறைய 4.35. சிறு வித்தியாசத்தைப் பொறி தாங்கிக்கொள்ளும். இந்த 1.7 என்ற எண், ஒன்பது வேகக் காலம் முடியும்வரை, ஷிமானோவின் பந்தயப் பொறிக்கும் மலைப் பொறிக்கும் பொதுவாகவே இருந்தது. 2010இல் பத்து வேக மலைச் சைக்கிள் உறுப்புகள் வெளிவந்தபோது அந்நிறுவனம் அதை ஏறக்குறைய 1.2 ஆக மாற்றியது. எங்கள் இளைஞரின் பிடி இழுக்கும் 2.5ஐ 1.2ஆல் பெருக்கினால் 3 மில்லிமீற்றர். சங்கிலி பாதி வழியில் நின்று பல்லில் உரசுவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

"சேராது" என்றவருக்கு 2010க்கு முந்திய காலம் தெரியாது. "எல்லாம் ஒன்றுதான்" என்றவருக்கு அதற்குப் பிந்திய காலம் தெரியாது. நடுவில் அகப்பட்டவர் மாதச் சம்பளக்காரர்.

உற்பத்தியாளரின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கேபிளை அதிகம் இழுத்துப் பொறியைக் குறைவாகப் பெருக்கவைத்தால், சேற்றாலும் துருவாலும் வரும் சிறு தடுமாற்றம் கியரைக் கெடுக்காது. மலைப்பாதைக்கு அது நன்மையே. ஆனால் 2012இல் பதினொரு வேகப் பந்தய உறுப்புகள் வந்தபோது அங்கே இன்னொரு அளவு. சில்லுகளைத் தாங்கும் அச்சுடலையும் 1.85 மில்லிமீற்றர் அகலமாக்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியே ஒரு காரணம் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஓர் உறுப்புத் தேய்ந்தவன் நான்கு உறுப்பு வாங்க வேண்டும் என்பதுதான் விடையாக வருகிறது.

இது புதிய கதையுமல்ல. எமது தந்தையர் காலத்து றலி சைக்கிளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மற்ற ஆங்கிலேய உற்பத்தியாளர்கள் பெடல் அச்சுக் கிண்ணத்தில் அங்குலத்துக்கு 24 புரி வெட்டியபோது, நொட்டிங்ஹாம் றலி தொழிற்சாலை 26 புரி வெட்டியது. கிண்ணம் தேய்ந்தால் றலி கிண்ணமே வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். அந்நாட்களில் ஒரு சைக்கிளின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்தத் தெரிந்தவர் ஊருக்கு வைத்தியரைப் போன்றவர். அந்தக் கைவண்ணத்தை வறுமையின் அடையாளமாகப் பார்க்கும் மனப்போக்கு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தில் சைக்கிள் கடையில் பணிபுரிந்த ஷெல்டன் பிரவுன் என்பவர், எது எதனோடு சேரும் என்பதை வாழ்நாள் முழுதும் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்தார். 2008இல் மறைந்துவிட்டார். உலகெங்கும் பழுதுபார்ப்போர் இன்றும் அவரது பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள். ஒரு தனிமனிதர் செய்த இந்தக் காரியத்தை விற்பனையாளர்கள் தங்கள் கடமையாகக் கொள்ளாதது ஏன் என்பதே என் கேள்வி.

கலக்கலாம் என்பதற்காக எதையும் கலக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பிறேக்கில் இந்த விளையாட்டு வேண்டாம். மலைச் சைக்கிளின் நீண்ட கை கொண்ட வீ-பிறேக்குக்குக் கேபிள் அதிகம் இழுபட வேண்டும். அதைப் பழைய பந்தயச் சைக்கிளின் பிடியோடு பூட்டினால், பிடி கைப்பிடியைத் தொட்ட பின்னும் கட்டை றிம்மை இறுக்கிப் பிடிக்காது. மாற்றிப் பூட்டினால் பிடி கல்லுப்போல் இருக்கும், வண்டி நிற்காது. காலி வீதியில் பேருந்துக்குப் பின்னால் சென்றுகொண்டிருக்கும்போது கற்க வேண்டிய பாடமல்ல அது. முன்பக்கக் கியர் பொறியும் அப்படியே: பந்தயப் பிடியும் மலைப் பொறியும் அங்கே பொதுவாக ஒத்துவராது, ஆனால் அங்கே கெடுவது கியர் மட்டுமே, உயிரல்ல.

2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலரொன்று 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியதை நாம் மறந்திருக்க முடியாது. இறக்குமதி உறுப்பில் ஓடும் எந்த வண்டிக்கும் அது மீண்டும் நேரலாம். ஆகவே எனது வேண்டுகோள் சிறியது. சைக்கிள் உறுப்பு விற்பவர், அது எந்த வேகத்துக்கு, எந்தத் தலைமுறைப் பிடிக்கு உரியது என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரட்டும். பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்கட்டும். இறக்குமதி செய்வோர் பளபளக்கும் புதிய வண்டிகளோடு, எட்டு வேக, ஒன்பது வேகச் சங்கிலிகளையும் சில்லுகளையும் கொண்டுவரட்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் பொறிமுறை கற்பிப்பவர்கள் சைக்கிளுக்கும் சில மணிநேரம் ஒதுக்கட்டும்.

2023இல் ஷிமானோவே "கியூஸ்" என்ற பெயரில் ஒன்பது, பத்து, பதினொரு வேகங்களுக்குப் பொதுவான இழுவை அளவு கொண்ட உறுப்புகளை வெளியிட்டது. தாம் பிரித்ததைத் தாமே ஓரளவு சேர்க்க முன்வந்திருக்கிறார்கள், வரவேற்போம். ஆனால் அந்த அளவு பழைய அளவுகளோடு ஒத்துவராது. ஏற்கெனவே தெருவில் ஓடும் வண்டிகளுக்கு அதனால் பயனில்லை.

இளைஞரின் கதைக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனையில் நடைபாதையோரம் கடை வைத்திருக்கும் முதிய சைக்கிள் பாஸ் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அவருக்கு 1.7உம் தெரியாது, 1.2உம் தெரியாது. பத்து வேகப் பொறியைக் கையில் வாங்கி, கேபிள் பூட்டும் இடத்தை விரலால் அளந்து, "இது புது மாதிரி ஐயா, இதோட இழுவை வேற" என்று ஓரமாக வைத்தார். பழைய இரும்புப் பெட்டியைக் கிளறி, ஒன்பது வேக மலைச் சைக்கிள் பொறியொன்றை எடுத்துத் துடைத்தார். 34 பல் சில்லுத் தொகுதியும் அவரிடமே கிடைத்தது. சங்கிலியை மட்டும் புதிதாக, சற்று நீளமாக வெட்டிப் போட்டார். முதற் கடை கேட்ட தொகையில் பத்திலொரு பங்குகூட ஆகவில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள் மாலை, ஹட்டன் புகையிரத நிலையத்தின் முன்னால் சைக்கிளோடு நின்று எடுத்த படமொன்றை அவர் எனக்கு அனுப்பிவைத்தார். பாஸ் அவர்களிடம் அதைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பின்சில்லைத்தான் முதலில் பார்த்தார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கடையில் உதவிக்கு ஒருவருமில்லை.