மீன்தொட்டியைக் கழுவிக் கொல்லாதீர்கள்

வீட்டில் மீன் வளர்ப்போர் பலரிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. தொட்டியின் அடியிற் கிடக்கும் கல்லும் மணலும் அழுக்கின் இருப்பிடம். அவற்றை அவ்வப்போது முழுவதுமாக அள்ளி எறிந்து, கண்ணாடியைத் தேய்த்துக் கழுவி, புதிய கல்லும் புதிய நீரும் இட்டால் மீன்கள் நலமாக வாழும் என்பதே அந்த நம்பிக்கை. நீல நிறத்திலும் இளஞ்சிவப்பு நிறத்திலும் சாயமிட்ட கற்களைப் பையிற் கட்டி விற்கும் வியாபாரிகள் சிலரும் இதனைத்தான் உபதேசிக்கிறார்கள். கழுவிய மூன்றாம் நாள் மீன் செத்து மிதக்கும். “வருத்தக்கார மீனைத் தந்துவிட்டான்” என்று வீட்டுக்காரர் கடைக்காரரை ஏசுவார். பின்னர் அதே கடைக்குப் போய்ப் புது மீன் வாங்குவார். வியாபாரத்துக்கு இதைவிட வாய்ப்பான மூடநம்பிக்கை வேறில்லை.

ஆண்டுக்கணக்கில் நிலைபெற்ற ஒரு தொட்டியின் அடித்தளத்தை எவ்வித ஆயத்தமுமின்றி ஒரே நாளில் மாற்றுவதைச் சுத்தம் என்று அழைக்க நான் தயாராக இல்லை. அது வாயற்ற உயிர்களை வைத்து ஆடும் சூதாட்டம்.

காரணத்தைச் சொல்கிறேன். மீன் தனது செவுள்களின் வழியே ஓயாமல் அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகும்போதும் அமோனியாவே பிறக்கிறது. ஆற்றிலே அது அடித்துச் செல்லப்படும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் போவதற்கு வழியில்லை. மீனைக் காப்பாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை அமோனியாவை நைத்திரைற்றாகவும், நைத்திரைற்றைத் தீங்கு மிகக் குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. 1890 அளவிலேயே வினோகிராட்ஸ்கி என்ற உருசிய அறிஞர் இத்தகைய பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். இரு படிகளையும் ஒரே பற்றீரியாவே தனித்துச் செய்து முடிக்கக்கூடும் என்பது 2015 இல் வெளியானது. அந்தக் கண்டுபிடிப்புகளுள் ஒன்று மீன்வளர்ப்பு நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியொன்றிலிருந்தே கிடைத்தது.

இவை நீரில் மிதந்து திரிபவை அல்ல. கல், மணல், வடிகட்டியின் பஞ்சு ஆகியவற்றின் மேற்பரப்பில் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்பவை. வளர்ச்சியிலும் மந்தமானவை. சாதாரணக் குடற் பற்றீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கோ பல மணி நேரமோ, ஒரு நாளுக்கு மேலோ செல்லும். புதிய தொட்டியொன்று நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் வரை பிடிப்பது இதனால்தான். நீங்கள் வாளியிற் போட்டுச் சவர்க்காரமிட்டுத் தேய்க்கும் ‘அழுக்கு’ இந்தத் தொழிலாளர் கூட்டமும் சேர்ந்ததுதான். ஒரு பத்திரிகை அலுவலகத்தில் அச்சுக்கோப்பவர் முதல் ஆசிரியர் வரை அனைவரையும் ஒரே இரவில் அனுப்பிவிட்டு, மறுநாட் காலையில் பத்திரிகை வரவில்லையே என்று கேட்பவரை என்னவென்பது?

“நீர் பளிங்குபோலத் தெளிவாக இருக்கிறதே” என்பார்கள். அமோனியாவுக்கு நிறமில்லை. தெளிந்த நீரிலேயே மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

இன்னொரு பொறியும் உண்டு. நெடுநாள் நீர் மாற்றாத தொட்டியில் அமிலத்தன்மை மெல்ல மெல்லக் கூடும். அமில நீரில் அமோனியாவின் மிகப் பெரும்பகுதி, நஞ்சு குறைந்த அமோனியம் என்ற வடிவில் அடங்கிக் கிடக்கும். பீ.எச். 7 இல், 25 பாகை வெப்பநிலையில், மொத்தத்தில் ஏறத்தாழ 0.6 வீதமே நச்சு வடிவில் இருக்கும். பீ.எச். 8 ஆனதும் அது 5 வீதத்தைத் தாண்டும். கிட்டத்தட்டப் பத்து மடங்கு. அடித்தளத்தைக் கிளறி, அதிற் புதைந்திருந்த கழிவை எல்லாம் எழுப்பிவிட்டு, சுண்ணாம்புக்கற் பாறையில் ஊறிய யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரை வாளி வாளியாக ஊற்றினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இலண்டனின் வன்னீரும் இதே வேலையைச் செய்யும். ரொறன்ரோவில் இருப்போருக்கு வேறொரு தொல்லை: அங்கே குழாய்நீரிற் குளோரமீன் கலந்திருக்கிறது. குளோரினைப்போல ஓரிரவு திறந்து வைத்தால் அது போய்விடாது. அதற்குரிய மருந்திட்டே நீரைப் பயன்படுத்த வேண்டும்.

அப்படியானால் அடித்தளத்தை மாற்றவே கூடாதா? கூடும், சில வேளைகளில் மாற்றியே ஆகவேண்டும். அடிமணலைத் துழாவி இரைதேடும் கொரிடோரஸ் போன்ற மீன்களுக்குக் கூரிய கற்கள் பொருந்தா. சாயம் உரியும் கற்கள் ஆகா. கடற்கரையிற் பொறுக்கிய முருகைக்கல்லும் சிப்பியும் கரைந்து, மென்னீர் மீன்களின் நீரை வன்னீராக்கிவிடும். ஐயமிருந்தால் ஒரு கல்லில் வினாகிரியை விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் அது சுண்ணாம்பு. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். சோபாவின் நிறத்துக்குப் பொருந்தவில்லை என்பது காரணமாகாது.

முதிர்ந்த, பெரிய வடிகட்டி தனியாக ஓடும் தொட்டியில் முழு அடித்தளத்தையும் ஒரே நாளில் மாற்றி, ஒரு மீனையும் இழக்காத அனுபவசாலிகள் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. அவர்களது நுண்ணுயிர்களிற் பெரும்பகுதி வடிகட்டியில் இருந்தன. அதனை அவர்கள் தொடவில்லை. மீன்களைப் பழைய நீரிலேயே வேறு பாத்திரத்திற் காத்தும் வைத்தார்கள். ஆனால் சரளைக்கல்லுக்கு அடியிலே தட்டுப் பொருத்தி நீரை இழுக்கும் தொட்டிகளில் கல்தான் வடிகட்டி. அங்கே கல்லை அள்ளுவது ஈரலைப் பிடுங்குவதற்கு ஒப்பானது.

எனவே பொறுமையாகச் செய்யுங்கள். ஒரு தடவையில் கால்பங்கு. அடுத்த கால்பங்குக்கு இரண்டு வாரமேனும் பொறுத்திருங்கள். குழாயால் உறிஞ்சி எடுத்தால் சேறு கிளம்பாது. புதிய கல்லை வெறும் நீரில், கலங்கல் நீங்கும்வரை அலசுங்கள். சவர்க்காரம் கிட்டவும் வரக்கூடாது. பழைய கல்லில் ஒரு பங்கை நைலோன் காலுறையிற் கட்டித் தொட்டிக்குள்ளேயே சில வாரம் தொங்கவிடுங்கள். புதிய கல்லுக்கு விதை அங்கிருந்து வரும். அதே நாட்களில் வடிகட்டியின் பஞ்சை மாற்றாதீர்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். அமோனியாவையும் நைத்திரைற்றையும் நாள்தோறும் சோதித்து, தென்பட்டால் கால்பங்கு நீரை மாற்றுங்கள். செடிகளுக்கென விற்கப்படும் ஊட்டமண் வகைகள் சில, முதல் வாரங்களில் தாமே அமோனியாவைக் கசியவிடுபவை. மீன் வாழும் தொட்டியில் அவற்றைக் கொட்டுமுன் இருமுறை யோசியுங்கள்.

உலகெங்கும் மீன்கடைகளில் விற்கப்படும் செரி பார்ப் என்னும் சிவந்த சிறுமீன் எங்கள் தீவுக்கே உரியது. 1929 இல் தெரணியகல அதனை விவரித்துப் பெயரிட்டார். ஈரவலயத்து நிழல்படிந்த ஓடைகளில், இலைச்சருகும் வண்டலும் படிந்த அடியின்மேல் அது வாழ்கிறது. நாம் அழுக்கென்று அருவருக்கும் அந்தப் படிவுதான் அதற்கு வீடு. விருந்தினர் பார்த்து மெச்சுவதற்காக அந்த வீட்டை மாதந்தோறும் இடிப்பவர், மீன் வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. பளபளக்கும் கல்தான் வேண்டுமென்றால் வெறும் கண்ணாடிப் பெட்டியொன்றில் அதை நிரப்பி வைத்துக்கொள்ளட்டும். எந்த உயிருக்கும் கேடில்லை.