ஊரறியச் செய்க

கல்லணையில் காவிரியினின்று பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தருகே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகின்றது. பாமணியாற்றங்கரையில் அமைந்த பழம்பதி மன்னார்குடி. இராசகோபாலன் திருக்கோயிலும், பரந்து கிடக்கும் ஹரித்ராநதி என்னும் திருக்குளமும் அவ்வூருக்கு அணிகலன்கள். ஊரைச் சூழ எத்திசை நோக்கினும் வயல்களே தோன்றும். குறுவை, சம்பா, தாளடி என்னும் பருவங்களைக் கொண்டே அங்குள்ளார் ஆண்டினைக் கணக்கிடுவர். மேட்டூர் அணை திறக்கும் நாள் அவர்க்குத் திருநாள் போன்றது.

நெல் விளையும் அந்நிலத்தின் அடியாழத்தில் பழுப்பு நிலக்கரி படிந்துள்ளது. அப்படிவத்தில் மீத்தேன் என்னும் எரிவளி நீரின் அழுத்தத்தால் கட்டுண்டு கிடக்கின்றது. ஆழத் துளையிட்டு நீரை இறைத்து வெளியேற்றினால் அழுத்தம் குறையும். வளி விடுபட்டு மேலெழும். அதனை அடுப்பெரிக்கவும் ஆலைகளை ஓட்டவும் பயன்படுத்தலாம்.

1930-களில் மேட்டூரில் அணை எழுந்தபோது நீர் வரவு பற்றிப் பேசிய அவ்வட்டாரம், 2010-ஆம் ஆண்டிற்குப் பின் நிலத்தடி நீர் செலவாவது பற்றிப் பேசலாயிற்று. அவ்வாண்டில், மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவ்வளியை எடுக்க, கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் என்னும் நிறுவனத்திற்கு நடுவண் அரசு உரிமை வழங்கிற்று. 2011 ஜனவரியில் மாநில அரசும் அந்நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் ஊர்கள் பல அப்பரப்பில் அடங்கும். ஆயினும், அவ்வூர்களில் உழுதுண்டு வாழ்வோருள் பெரும்பாலோர் இச்செய்தியை உள்ளவாறு அறிந்தது, ஒப்பந்தங்கள் கைச்சாத்தான பிறகேயாம்.

அறிந்தபோது அவர் அஞ்சினர். அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆழத்து நீரை ஆண்டுக்கணக்கில் இறைத்தால் கிணற்று நீர் தாழாதோ? முத்துப்பேட்டைக் கழிமுகம் நெடுந்தொலைவில் இல்லையே. நன்னீர் வற்றிய இடத்தில் கடல்நீர் புகாதோ? வெளியேற்றிய நீர் உவர்நீராயின் அதனை எந்த வாய்க்காலில் விடுவது? இவை உழவர் கேட்ட வினாக்கள். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர்தோறும் சென்று இவ்வினாக்களை மக்களிடையே பரப்பினார். 2013 டிசம்பர் 30-ஆம் நாள், பட்டுக்கோட்டைப் பகுதியில் அப்பணியில் ஈடுபட்டிருந்த வேளையிலேயே அவர் உயிர் நீத்தார்.

அதற்கு முன்பே, 2013 ஜூலையில், மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவைத்து, ஆராய்ந்துரைக்க வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் ஆய்வினைக் கருத்திற்கொண்டு, 2015 அக்டோபரில் அத்திட்டத்திற்கு இசைவில்லை என்று அறிவித்தது. ஒப்பந்தம் எழுதியபின் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழிந்தே, எழுதுமுன் கேட்டிருக்க வேண்டிய வினாவுக்கு விடை கிடைத்தது.

இவ்வரலாற்றில் சிந்திக்கத்தக்கது யாது? நிறுவனம் ஒன்று அரசிடம் உரிமை கேட்டது குற்றமாகாது. நாட்டிற்கு எரிபொருள் வேண்டும். அதனை எடுத்துத் தருவேன் என்பார்க்கு அரசின் வாயிலை நாட உரிமை உண்டு. உழவர் சங்கமும் அவ்வாயிலைத்தான் நாடுகின்றது. நெசவாளரும் வணிகரும் நாடுகின்றனர். தம் கோரிக்கைக்கு ஆட்சியாளரை இசைவிக்க முயல்வதனை ஆங்கிலத்தில் 'லாபி' என்னும் சொல்லால் வழங்குவர். சட்டமன்றத்தின் முன்கூடத்தைக் குறித்த சொல் அது. உறுப்பினரை அம்முன்கூடத்தில் கண்டு பேசிய வழக்கத்தால் அப்பொருள் பெற்றது.

முன்கூடத்தில் பேசுவது தீதன்று. அங்குப் பேசியதை அவையறியாமல் மறைப்பதே தீது. செல்வம் உடையார் நாள்தோறும் தலைநகர் செல்ல வல்லார். திறமையாக வாதிடுவோரைப் பொருள் கொடுத்து அமர்த்தவும் வல்லார். நாற்றுப் பறிக்கும் கூலியாளோ ஒருநாள் வேலையை இழந்தால் அடுத்த நாள் உலை வையார். இருவர் குரலும் ஒரே அளவில் ஆட்சியாளர் செவியை எட்டுவதில்லை. இவ்வேற்றுமையை முற்றும் போக்குதல் அரிது. ஆனால், யார் வந்தார், எது கேட்டார், என்ன விடை பெற்றார் என்பதை ஊரறியச் செய்தால் அது பெரிதும் குறையும். இக்கருத்துப் பற்றியே அமெரிக்க நாட்டில் 1946-ஆம் ஆண்டிலும், பின்னர் விரிவாக 1995-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றினர். ஊதியம் பெற்று ஆட்சியாளரிடம் பரிந்து பேசுவோர் தம் பெயரையும், தம்மை அமர்த்தியவர் பெயரையும், பெற்ற பொருளையும் பதிவு செய்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை.

கணக்குக் காட்டும் கடமை தமிழர்க்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த வரலாற்றைக் கூறும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேர்வு பெறல் இயலாது. அவனுடைய உறவினரும் விலக்கப்பட்டனர். பொதுப்பொருளைக் கையாண்டவன் விடை கூறியே தீரல் வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே ஊரார் கல்லில் வெட்டி வைத்தனர்.

இன்றைய மக்களுக்கும் கருவிகள் உண்டு. தகவல் பெறும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது. அதன்படி குடிமகன் எவனும் அரசு அலுவலகத்தில் விண்ணப்பித்து, 30 நாட்களுக்குள் விடை பெறலாம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெருந்திட்டங்களுக்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வழிசெய்கின்றது. வாக்காளர் அனைவரும் அமரும் கிராம சபையும் உண்டு.

எனினும், கருவியைத் துருப்பிடிக்க விடுதலும் உண்டு. பிறர் அதனை மழுங்கச் செய்தலும் உண்டு. 2020 ஜனவரியில் அவ்வறிவிக்கையைத் திருத்தி, எண்ணெயும் எரிவளியும் தேடும் பணிகளுக்கு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டுவதில்லை என்றாக்கினர். அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றிற்று. காவிரிப் படுகையின் மாவட்டங்களில் புதிய எண்ணெய், எரிவளித் திட்டங்களை அச்சட்டம் தடுக்கின்றது. முன்னரே நடந்துவருவனவற்றை நிறுத்தவில்லை.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது என்பதை 2023-ஆம் ஆண்டு காட்டிற்று. நடுவண் அரசு ஏலத்திற்கு அறிவித்த நிலக்கரிப் பகுதிகளுள், ஒரத்தநாடு வட்டத்து வடசேரியும் இருந்தது. மாநில அரசைக் கலந்துகொள்ளாமலே அறிவித்தனர் என்று முதலமைச்சர் கடிதம் எழுதினார். உழவரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஏப்ரல் 8-ஆம் நாள் அப்பகுதிகள் ஏலத்தினின்று நீக்கப்பட்டன. முன்னர் ஐந்தாண்டுகள் எடுத்த விடை, இம்முறை சில நாட்களிலேயே கிடைத்தது. மக்கள் விழித்திருந்தமையும், சுட்டிக்காட்டச் சட்டம் ஒன்று இருந்தமையுமே அதற்குக் காரணம்.

"எல்லாவற்றையும் ஊரைக் கேட்டுச் செய்தால் எப்பணியும் நிறைவேறாது, நிலத்தடி இயலை உழவன் அறிவானோ?" என்று சிலர் வினவுவர். உழவன் நூலறிவில் குறைந்தவனாக இருக்கலாம். தன் கிணறு எந்த மாதத்தில் எவ்வளவு தாழும் என்பதை அவனைவிட அறிந்தவர் யார்? நூலறிவும் அவ்வனுபவ அறிவும் ஓரிடத்தில் கூடினாலன்றி உண்மை முழுதும் வெளிப்படாது. காலத்தாழ்வு பற்றிய கவலைக்கும் மன்னார்குடியே விடையாகும். தொடக்கத்திலே ஊரார் முன் திட்டத்தை விரித்துரைத்திருப்பின், அது தகுமா தகாதா என்பது ஓராண்டில் தெளிந்திருக்கும். நிறுவனத்தின் பொருளும் உழவரின் உறக்கமும் வீணாகியிரா.

கேட்பவர்க்கும் கடமை உண்டு. வதந்தியை நம்பி வெகுளுதல் பொதுநலம் ஆகாது. ஒப்பந்தத்தைப் படித்தல் வேண்டும். கணக்கைச் சரிபார்த்தல் வேண்டும். எதிர்ப்பக்கத்தார் சொல்லையும் பொறுமையாகக் கேட்டல் வேண்டும். அவ்வாறு ஆய்ந்து எழுப்பும் வினாவை எவ்வரசும் எளிதில் புறந்தள்ள இயலாது.

ஆற்றுநீர் மதகு வழியே வயலுக்குப் பாய்வதைக் காவிரி நாட்டுச் சிறுவர் அறிவர். நீர் முறை ஊரார்க்குத் தெரிந்திருக்கும்வரை கடைமடைக்கும் நீர் சேரும். இரவில் ஒருவர் மதகைத் தமக்காகத் திருப்பினால் கடைமடை காயும். ஆட்சியும் அத்தகையதே. இன்று பள்ளியில் பயிலும் மாணவர் பதினெட்டாம் அகவையில் வாக்காளராவர். கிராம சபையில் அமர்வர். அன்று அவர் ஊரின் வரவு செலவு ஏட்டைக் கையில் வாங்கிப் படித்து, ஐயம் எழுந்த இடத்தில் எழுந்து நின்று வினவுதல் வேண்டும்.