ஊருணியின் விலை என்ன?

ஒரு குடம் தண்ணீர் என்ன விலை என்று அருப்புக்கோட்டையில் கேட்டால் உடனே பதில் கிடைக்கும். ஊருணி என்ன விலை என்று கேட்டால்? யாராலும் சொல்ல முடியாது. சந்தைக்கே வராத பொருளுக்கு விலை ஏது?

பொருளியல் அறிஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். "இந்த நீர்நிலையையும் அதைச் சார்ந்த உயிர்களையும் காப்பாற்ற ஆண்டுக்கு எவ்வளவு பணம் தருவீர்கள்?" என்று பல வீடுகளில் கேட்டு, விடைகளைக் கொண்டு மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். 1989-இல் அலாஸ்கா கடலில் 'எக்ஸான் வால்டெஸ்' கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது, அழிந்த இயற்கையின் மதிப்பை அறிய இம்முறையைக் கையாண்டார்கள். பயனுள்ள முறைதான். ஆனால் நம் வறண்ட பூமிக்கு இது போதாது என்பது என் கருத்து. கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய் "பத்து ரூபாய்" என்று சொன்னால், தண்ணீர்மேல் அவருக்கு அக்கறை குறைவு என்றா பொருள்? கையில் காசு குறைவு என்றுதானே பொருள்!

வேறு எதைக் கொண்டு அளப்பது? ஒன்றைக் காப்பதற்காக மக்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். ஐப்பசி, கார்த்திகை மழைதான் முக்கிய நம்பிக்கை. குண்டாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். பல ஊர்களில் கிணற்று நீர் உப்பு. ஆகவே பாசனத்துக்குக் கண்மாய், குடிப்பதற்கு ஊருணி என்று நம் முன்னோர் பிரித்து வைத்தார்கள். ஊருணிக்குள் செருப்புக் காலுடன் இறங்கக்கூடாது, குளிக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, மாட்டை இறக்கக்கூடாது. ஒவ்வொரு கட்டுப்பாடும் யாரோ ஒருவருக்குச் சிரமம்தான். அந்தச் சிரமமே அவர்கள் தந்த விலை.

இதில் அறிவியல் இருக்கிறது. மழைநீர் ஓடிவரும் வழியில் உள்ள சாணம், கழிவு, மண் எல்லாவற்றையும் சுமந்து வருகிறது. வரத்துக்காலின் இருபுறமும் உள்ள புல்லும் செடியும் ஓட்டத்தைத் தணித்து வண்டலை நிறுத்துகின்றன. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தெளிய வைக்கும். ஆனால் கிருமி போய்விட்டது என்று அதை நம்பிவிட முடியாது. எனவே ஊருணியின் தூய்மை, நீர் பிடிக்கும் மேட்டு நிலத்திலேயே தொடங்குகிறது.

பழமை எல்லாம் நன்மை என்று நான் சொல்லவில்லை. திறந்த நீர்நிலைகள் நரம்புச் சிலந்தி நோயையும் பரப்பின. 2000-ஆம் ஆண்டில்தான் அந்நோய் இந்தியாவில் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சாதி சொல்லிச் சிலரைத் தண்ணீர் எடுக்கவிடாத ஊருணிகளும் இருந்தன. அந்தக் கட்டுப்பாடு ஒழியவேண்டியதே. தண்ணீரைக் காத்த கட்டுப்பாடும் அதோடு சேர்ந்து ஏன் போகவேண்டும்?

இன்று தாமிரபரணி நீர் குழாயில் வருகிறது. அது தேவைதான். ஆனால் குழாய் வந்ததும் பல ஊருணிகள் குப்பைமேடாயின. வரத்துக்கால்களில் சீமைக்கருவேல் மண்டியது. அதன் அடர்ந்த புதரின் கீழ் நாட்டுப் புல்பூண்டுகள் தலையெடுப்பது அரிது. "வெட்டி எறி" என்பது எளிது. ஆனால் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே பல. நீர்வழிகளில் அதை அகற்றும்போது, அவர்களுக்கு வேறு வருவாய்க்கும் வழி செய்யவேண்டும். பலன் ஊருக்கு, இழப்பு ஏழைக்கு என்பது நியாயமாகாது.

இது நடக்காத கனவன்று. நியூயார்க் நகரம் 600 கோடி டாலருக்கு மேல் செலவாகும் வடிகட்டும் நிலையத்தைக் கட்டுவதற்குப் பதிலாக, 1997-இல் கேட்ஸ்கில் மலைப்பகுதி மக்களோடு உடன்பாடு செய்தது. நீர்பிடிப்பு நிலத்தைக் காக்கும் உழவர்களுக்கும் ஊர்களுக்கும் நகரம் பணம் தந்தது. செலவு பல மடங்கு குறைந்தது.

மாணவ நண்பர்களே! அடுத்த மழை ஓய்ந்ததும், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் வரத்துக்காலின் ஓரமாக மேட்டை நோக்கி நடந்து பாருங்கள். நீர் எங்கே கலங்குகிறது, எங்கே தடைபடுகிறது, எந்தச் செடியும் பறவையும் அங்கே இருக்கின்றன என்று குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பை ஊராட்சியின் கிராம சபையில் படிக்கச் சொல்லுங்கள். பிறகு ஊராரிடம் கேளுங்கள்: "இந்தத் தண்ணீருக்காக நாம் எதை விட்டுக்கொடுக்கத் தயார்?" வரும் பதில்தான் ஊருணியின் உண்மையான விலை.